தாலிக்கு டிஜிட்டல், ஆச்சிக்கு பிலிம்

போன ஆவணியில் பாளையங்கோட்டையில் ஒரு வீட்டுக்குக் கல்யாணப் பட வேலை பேசப் போயிருந்தேன். மாப்பிள்ளைக்கு பெங்களூரில் வேலை. "முழுக் கல்யாணத்தையும் பிலிமிலேயே எடுத்துத் தர முடியுமாண்ணே?" என்று கேட்டார். பெண்ணின் அப்பா என்னைப் பார்த்து, "தம்பி, அதைத்தானே வேண்டாம்னு விட்டு இருபது வருசம் ஆச்சு" என்றார். எனக்கு பெரியவர் பக்கம்தான் சாய்வு, ஆனால் முழுக்க இல்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தாலி கட்டும் நேரத்தில் போட்டியே கிடையாது, டிஜிட்டல்தான். கெட்டிமேளம் தொடங்கி மூன்றாவது முடிச்சு விழுவதற்குள் எவ்வளவு நேரம் இருக்கும்? அதற்குள் ஒருவர் போனை நீட்டுவார், வீடியோக்காரர் தோளால் மறைப்பார், அட்சதை லென்ஸில் வந்து விழும். என் டிஜிட்டல் கேமரா நிக்கான் டி750 நொடிக்கு ஆறு படம் எடுக்கும், எடுத்ததை இரண்டு கார்டிலும் ஒரே நேரத்தில் எழுதிக்கொள்ளும். பிலிமில் ஒரு ரோலுக்கு 36 படம், அதிலும் 34இல் நிற்கும்போது கெட்டிமேளம் கேட்டால் தொலைந்தோம், ரோல் மாற்ற எனக்கு ஒரு நிமிடமாவது ஆகும். மண்டப வெளிச்சம் அதைவிட மோசம். போர்ட்ரா 400 என்ற கலர் பிலிமைப் போட்டால் அந்த ரோல் முழுக்க ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்சத்தை உணரும் வேகம், 400தான், டிஜிட்டலில் 6400 வரை தயங்காமல் ஏற்றிவிடுவேன். போதாக்குறைக்கு, பகல் வெளிச்சத்துக்கென்று செய்த கலர் பிலிம் மஞ்சள் பல்பின் கீழ் ஆரஞ்சாகவும் டியூப் லைட்டின் கீழ் பச்சையாகவும் வந்து நிற்கும். மேடையில் ஊதா எல்ஈடி போட்டிருக்கிறார்களே, அதற்கு இரண்டிலுமே மருந்து கிடையாது, லைட்காரரிடம் போய்க் கெஞ்ச வேண்டியதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சொல்ல வெட்கம்தான். ஒரு சர்ச் கல்யாணத்தில் என் பிலிம் கேமரா நிக்கான் எஃப்எம்2வில் ரோல் சரியாக மாட்டவில்லை. லீவர் சுற்றுகிறது, எண்ணும் நகர்கிறது, நானும் பெரிய ஞானி மாதிரி யோசித்து யோசித்து எடுத்துக்கொண்டிருக்கிறேன். 36 படம் தாண்டியும் லீவர் நிற்காமல் சுற்றிய பிறகுதான் உறைத்தது, பிலிம் நகரவே இல்லை. லீவரைத் தள்ளும்போது இடதுபக்கக் குமிழும் கூடவே சுற்றுகிறதா என்று பார்த்திருந்தால் முதல் படத்திலேயே தெரிந்திருக்கும். தோளில் டிஜிட்டல் தொங்கியதால் அன்று மானம் தப்பியது.

அப்படியானால் பிலிம் எதற்கு? வெயிலுக்கும் வெள்ளைத் துணிக்கும். டிஜிட்டலில் வெள்ளை ஒருமுறை வெளிறிப்போனால் போனதுதான், எந்த சாஃப்ட்வேராலும் மீட்க முடியாது, அதனால் வெளிச்சப் பகுதியைக் கணக்கில் வைத்து எடுக்க வேண்டும். பிலிம் நெகட்டிவ் இதற்கு நேர் எதிர். வெளிச்சம் ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு, கூடினாலும் தாங்கும், குறைந்தால் நிழல் சேறாகிவிடும். இரண்டு கேமராவை மாற்றி மாற்றித் தூக்கும்போது இரண்டு புத்தி வேண்டியிருக்கிறது. ஆனால் காலை ஒன்பது மணி முற்றத்து வெயிலில் ஒரு ஆச்சி வெளிர் நிறப் புடவையும் வைரத்தோடுமாக உட்கார்ந்திருந்தால் நான் யோசிக்காமல் பிலிம் கேமராவைத்தான் எடுப்பேன். படம் பார்க்கத் திரை இல்லை என்பதால் "எங்க, காட்டு காட்டு" என்று பின்னால் கூட்டமும் கூடாது. ரோல், கழுவுவது, ஸ்கேன் எல்லாம் சேர்த்தால் ஒவ்வொரு படத்துக்கும் காசுதான், ஆகவே ஆச்சியின் முகம் இளகும்வரை நானும் காத்திருப்பேன். அப்புறம், டிஜிட்டல் படமென்றால் எடிட்டிங்கில் முகத்தை வெளுத்துத் தரச் சொல்லி யாராவது ஒரு சித்தி கேட்பார். பிலிம் ஸ்கேனை இதுவரை ஒருவரும் வெளுக்கச் சொன்னதில்லை, காரணம் எனக்கு இன்னும் புரியவில்லை.

டிஜிட்டலிலேயே பிலிம் சாயல் வரவைக்கும் ப்ரீசெட்டும், அதாவது ஒரே தட்டலில் நிறம் மாற்றும் எடிட்டிங் அமைப்பும், இருக்கிறது. போன் திரையில் பார்த்தால் எனக்கே சில நேரம் வித்தியாசம் தெரிவதில்லை. பட்ஜெட் இடித்தால் அதை எடுங்கள், தப்பே இல்லை.

பத்திரப்படுத்துவதில்தான் என் எண்ணம் மாறியது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணித் தண்ணீர் என் மாமாவின் பழைய ஸ்டுடியோவுக்குள் புகுந்தது. ஒரே அலமாரியில் தொண்ணூறுகளின் நெகட்டிவ் கவர்களும் ஒரு ஹார்ட் டிஸ்க்கும் இருந்தன. டிஸ்க் அதன்பிறகு சுற்றவே இல்லை. நெகட்டிவ்கள் சேற்றோடு ஒட்டிக் கிடந்தன. நல்ல தண்ணீரில் ஊறவைத்து, ஒவ்வொன்றாகப் பிரித்து, மாடியில் கயிறு கட்டிக் காயப்போட்டோம். பாதி தேறியது, பாதியில் படமே உரிந்து வந்துவிட்டது. ஆகா பிலிம் வாழ்க என்று நான் கிளம்பியபோது மாமா ஒரு வார்த்தை சொன்னார்: "டிஸ்க்ல இருந்ததுக்கு மதுரையில ஒரு காப்பி இருக்குலே. உரிஞ்சுபோனதுக்கு எங்க போவ?" நெகட்டிவ் ஒன்றே ஒன்றுதான். டிஜிட்டலை மூன்று ஊரில் வைக்கலாம், ஆனால் வைக்கிறவர்கள் எத்தனை பேர்?

சேர்த்து எடுப்பதென்றால் நான் செய்வது இதுதான். ஒரே 50 எம்எம் லென்ஸை இரண்டு கேமராவிலும் மாட்டுவேன், முகத்தின் வடிவம் மாறாது. பிலிம் ஸ்கேன் வந்த பிறகே டிஜிட்டலின் நிறத்தை அதற்கு இணங்கத் திருத்துவேன், தலைகீழாகச் செய்தால் இரண்டும் கெடும். ஆல்பத்தில் ஒரே பக்கத்தில் இரண்டையும் கலப்பதில்லை. கலர் ரோல் வெளியூர் லேபுக்குக் கூரியரில் போகும், கறுப்பு வெள்ளையை வீட்டிலேயே கழுவுகிறேன். அதற்கு 20 டிகிரித் தண்ணீர் வேண்டும், நம்மூர் சித்திரையில் அதற்காக ஐஸ் வாங்கி ஓடியிருக்கிறேன். கலருக்கு வேண்டிய 38 டிகிரியை மொட்டைமாடித் தொட்டியே தந்துவிடும் போல. புஜி 2021இல் தன் 400எச் கலர் பிலிமை நிறுத்திய பிறகு ரோல் கிடைக்கும்போதே வாங்கி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுகிறேன், தோசை மாவுக்குப் பக்கத்தில்.

அந்த வீட்டுக்குக் கடைசியில் எழுதிக் கொடுத்தது: கல்யாணம் முழுக்க டிஜிட்டல், கூடவே மூன்று ரோல். முதல் நாள் பெண் வீட்டு முற்றத்துக்கு ஒன்று, சமையல் பந்தலுக்கு ஒரு கறுப்பு வெள்ளை, மறுவீட்டுச் சொதிச் சாப்பாட்டுக்கு ஒன்று.

"சொதிக்கு எதுக்கு தம்பி பிலிம்?" என்றார் பெரியவர்.

"சொதிக்கு இல்ல அண்ணாச்சி. பந்தியில நீங்க மாப்பிள்ளைக்குப் பரிமாறுவீங்கல்லா, அதுக்கு."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வெள்ளைச் சட்டை போடலாமா?" என்று கேட்டார்.

"தாராளமா போடுங்க."