காட்டுத்தீயில் செல்போன் வரைபடம்: கியூஃபீல்டும் அவென்சாவும் மலையில் எப்படி உழைக்கின்றன?

தீ எங்கே என்று பார்ப்பதைவிட, தீயணைக்கப் போன நம் வனத்துறை ஆட்கள் எங்கே என்று பார்க்கத்தான் கியூஃபீல்டு, அவென்சா என்ற இந்த இரண்டு வரைபட ஆப்களும் உதவும். குமரி மாவட்டத்தில் பூதப்பாண்டி, ஆரல்வாய்மொழி பக்கத்து வறண்ட சரிவுகளில் பல கோடைகள் ஓட்டிப் பார்த்த பிறகு சொல்கிறோம்.

தீயைக் காட்டுவது செயற்கைக்கோள். அதிலுள்ள விஐஐஆர்எஸ் என்ற வெப்பம் உணரும் கருவி தரும் புள்ளி ஏறக்குறைய 375 மீட்டர் சதுரத்தின் மையம்தான். எரிவது முகட்டின் மறுசரிவாகவும் இருக்கலாம். பகல் ஒன்றரை, இரவு ஒன்றரை மணி வாக்கில்தான் அது நம் தலைக்கு மேல் வரும். மாலை நாலு மணிக்குப் பிடித்த தீ நள்ளிரவுக்குப் பிறகே பதிவாகும். செங்கல் சூளையும் தீயாகத் தெரியும். ரப்பர் சருகில் தவழும் சிறு தீ தெரியாமலே போகும். அந்தப் புள்ளியின் இடத்தைச் சொல்லும் குறுஞ்செய்தி வந்ததும் அடிவாரத்தில் யாரிடமாவது புகை தெரிகிறதா என்று கேட்டுவிட்டு வண்டி எடுப்பது நல்லது.

குறுஞ்செய்தியில் வந்த அட்சரேகை, தீர்க்கரேகை எண்ணை எந்த வடிவில் படிக்கிறோம் என்பதும் முக்கியம். அட்சரேகை 8 பாகை (டிகிரி) 20 கலை (நிமிடம்) 30 விகலை (வினாடி) என்பது தசமத்தில் 8.3417 பாகை. அதையே 8.2030 என்று தட்டினால் பதினைந்து கிலோமீட்டர் தெற்கே போய் நிற்பீர்கள்.

வரைபடம் தயாரிக்கும் வேலை முழுக்க ஜனவரிக்கு முன்பே முடிய வேண்டும். கணினியில் வரைபடம் தயாரிக்கும் கியூஜிஸ் மென்பொருளில் பீட் (ஒரு காவலரின் பொறுப்பிலுள்ள காட்டுப் பகுதி) எல்லை, ஓடை, ஒற்றையடிப் பாதை, தீத்தடுப்புக் கோடு (தீ தாண்டாமலிருக்கச் செடி கொடி அகற்றிய பட்டை) இவற்றோடு புல் முளைக்காத பாறைப் பரப்புகளையும் குறியுங்கள். காற்று திரும்பினால் ஒதுங்க அதுதான் இடம். மாவட்டம் முழுவதற்கும் ஒரே கோப்பு போட்டால் போன் திணறும், வனச்சரகவாரியாக வெட்டுங்கள். பிறகு போனை விமான முறையில் (ஏர்பிளேன் மோடு) வைத்து வரைபடத்தைத் திறந்து பாருங்கள். பின்னணி வெறுமையாக வந்தால், படம் போனில் இறங்கவில்லை, இணையத்திலிருந்துதான் வந்துகொண்டிருந்தது என்று அர்த்தம்.

ஜிபிஎஸ்ஸுக்கு டவர் வேண்டாம். ஆனால் டேட்டா இல்லாமல் முதல் முறை இடம் பிடிக்கச் சில நிமிடம் ஆகும். மரத்தடிக்குள் நுழையுமுன் திறந்த வெளியிலேயே தொடங்குங்கள். பேட்டரி சிக்கன அமைப்பிலிருந்து ஆப்பை விலக்காவிட்டால் திரை அணைந்ததும் நடந்த பாதையின் பதிவு நின்றுவிடும். பதிவான பாதையில் பள்ளத்தைத் தாண்டி நேர்கோடு விழுந்திருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

தீயின் ஓரத்தை எரிந்து அடங்கிய பக்கத்திலிருந்தே நடந்து வரையுங்கள்: எரிவது சிவப்பு, அணைத்தது கறுப்பு, ஒவ்வொன்றிலும் நேரம். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் காலையில் வரைந்த கோட்டை மதியம் நம்ப முடியாது.

வனவருக்குக் கியூஃபீல்டு சரி. காவலர்களுக்கு அவென்சா போதும், பழக எளிது. இலவசப் பதிப்பில் சொந்த வரைபடம் மூன்றுதான் ஏற்ற முடியும், அது ஒரு குறை. இரண்டிலும் 500 மீட்டர் கட்டங்கள் போட்டு எண் கொடுத்து, அதே படத்தைத் தாளில் அச்சிட்டுக் கட்டுப்பாட்டு அறையில் ஒட்டுங்கள். சிக்னல் இல்லாத மலையில் வாக்கி டாக்கியில் கட்ட எண்ணைச் சொன்னாலே போதும்.

வாட்ஸ்அப் நேரலை இருப்பிடத்தை மட்டும் நம்பவே கூடாது. சிக்னல் போன பிறகும் கடைசி இடம் அப்படியே நிற்கும். ஆள் அங்கேயே இருக்கிறார் என்று நினைத்து, அவர் நகர்ந்து போன பக்கத்தில் எதிர்த்தீ (வரும் தீக்கு இரை இல்லாமல் செய்ய நாமே முன்கூட்டி வைக்கும் தீ) வைத்துவிடக்கூடும். எதிர்த்தீக்கு முன் ஒவ்வொரு குழுவும் தன் கட்ட எண்ணை வாயால் சொல்ல வேண்டும், பதில் வராத குழு இருந்தால் தீக்குச்சி உரசக் கூடாது.