டெவில்ஸ் ப்ரூட்: ஒரு ராணியின் மணமுறிவும் மூன்று கோட்டைகளும்

பன்னிரண்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் அரசர் இரண்டாம் ஹென்றியையும் அவர் மனைவி எலினாரையும் பற்றிக் கதை எழுத வருகிறவர்கள் சுலபமாகப் பிடித்துக்கொள்ளும் கொம்பு ரோசமண்ட். ராஜாவுக்கு அந்தப் பெண்மேல் மோகம், ராணிக்குப் பொறாமை, அதனால் பிள்ளைகளை அப்பாவுக்கு எதிராகத் தூண்டிவிட்டார், முடிந்தது கதை. ராணியே அவளுக்கு விஷம் கொடுத்ததாகக்கூட ஒரு கட்டுக்கதை உண்டு. ரோசமண்ட் இறந்தது 1176 வாக்கில். அப்போது எலினார் ஹென்றியின் காவலில் இருந்தார் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

ஷாரன் கே பென்மனின் 'டெவில்ஸ் ப்ரூட்' (2008) நாவல் இந்தப் பாதையில் போகவில்லை. இதில் நடப்பது சொத்துச் சண்டை. தென்மேற்குப் பிரான்சிலுள்ள அக்விடைன் எலினாரின் பிறந்த வீட்டுச் சொத்து. பிரெஞ்சு அரசருடனான மணம் 1152 மார்ச்சில் ரத்தானதும், எட்டே வாரத்தில் ஹென்றியை மணந்தபோது அதையும் கொண்டுவந்தார். பாட்டி வழியில் பக்கத்திலுள்ள துலூஸும் தனக்கே சேர வேண்டும் என்பது அவர் வாதம். 1173 தொடக்கத்தில் லிமோஷ் நகரில் துலூஸ் கோமகன் மேலாண்மையை ஏற்று மண்டியிட்டதோ, அக்விடைனின் வாரிசான ரிச்சர்டுக்கு மட்டுமல்ல, ஹென்றிக்கும் மூத்த மகனுக்கும் சேர்த்து. அதாவது, அக்விடைனே இங்கிலாந்து மகுடத்துக்குக் கீழ் என்று சபையறியச் சொன்ன மாதிரி. அதே சமயம் கடைக்குட்டி ஜானின் கல்யாணப் பேச்சுக்காக ஷினோன், லூடன், மிரபோ கோட்டைகளை ஹென்றி எழுதிவைக்கிறார். 1170-லேயே அப்பாவோடு இணை அரசனாக முடிசூட்டப்பட்டும் கையில் ஒரு காணி நிலம் இல்லாத மூத்தவன் கொதித்தெழுந்து, மார்ச்சில் பாரிசுக்கு, பிரெஞ்சு அரசரிடம் ஓடுகிறான். மகன்களின் கிளர்ச்சிக்குத் துணைநின்ற எலினார் ஆண் வேடத்தில் தப்பும்போது பிடிபடுவது இதன் தொடர்ச்சி. திடீர்த் திருப்பமாக அது தோன்றாததே பென்மனின் கெட்டிக்காரத்தனம்.

படிக்கும்போது இடறுவது பெயர்களில். அப்பா, மகன் இருவரும் ஹென்றி. மகனை 'ஹால்' என்று பிரித்திருக்கிறார். ஜெஃப்ரியும் இரண்டு: ஒருவன் பிரிட்டனி கோமகன், மற்றவன் ஹென்றிக்கு மணத்துக்கு வெளியே பிறந்தவன். அத்தியாயத் தலைப்பிலுள்ள தேதியையும் ஊரையும் தாண்டிவிட்டால், நார்மண்டியில் இருக்கிறோமா இங்கிலாந்திலா என்றே தெரியாது. வம்சாவளியை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

குறைகளும் உண்டு. ஏற்கெனவே தெரிந்த விஷயங்களைப் பாத்திரங்கள் ஒருவருக்கொருவர் விளக்கிக்கொள்ளும் வசனங்கள் அதிகம். வாசகருக்குத் தகவல் சேர வேண்டும் என்பதைத் தவிர அந்தப் பேச்சுக்கு வேறு காரணமில்லை. 1174-க்குப் பிறகு கதை தளர்கிறது. ராணி அடைபட்டுக் கிடக்க, கிளர்ச்சியும் முற்றுகையும் அவருக்குச் செய்தியாகத்தான் வந்து சேரும். அந்த இடங்களில் பிரிட்டனி கோமகன் ஜெஃப்ரி, அவன் மனைவி கான்ஸ்டன்ஸ் தம்பதியின் கதைதான் நாவலைத் தாங்குகிறது. 1183-இல் ஹால் சீதபேதியில் சாகும்போது வேகம் திரும்புகிறது. அதற்குப் பிந்திய ஹென்றி–எலினார் சந்திப்புகள் புத்தகத்தின் உச்சம்: பகையும் பழக்கமும் ஒரே வாக்கியத்தில் வெளிப்படும்.

ஹென்றியின் தாய்மாமனாக வரும் ரனுல்ஃப் ஆசிரியரே ஒப்புக்கொண்ட கற்பனைப் பாத்திரம். அவரைத் தேடி வரலாற்று நூல்களைப் புரட்ட வேண்டாம்.

இதற்கு முந்தைய நாவலான 'டைம் அண்ட் சான்ஸ்' படிக்காமல் இதில் இறங்கலாம். ஆனால் ஹென்றியின் பழைய நண்பரான பேராயர் பெக்கெட்டின் கொலை ஹென்றியை ஏன் இவ்வளவு அரிக்கிறது என்பது பாதிதான் பிடிபடும். 1189-இல் ஷினோனில் ஹென்றி இறப்பதோடு நாவல் முடிகிறது. விடுதலையான எலினாரின் அடுத்த ஆட்டம் வேண்டுமானால் அடுத்த நாவலான 'லயன்ஹார்ட்' எடுக்க வேண்டும்.