சி மேஜர் பிரிலூட்: எந்தப் பதிப்பை வாங்குவது?

ஜோஹன் செபாஸ்டியன் பாக்கின் ‘வெல் டெம்பர்ட் கிளேவியர்’ முதல் தொகுதியின் தொடக்கத்தில் வரும் சி மேஜர் பிரிலூட் (முன்னிசை), பியானோ பயில்வோர் பெரும்பாலோர் கைக்கு என்றாவது ஒருநாள் வந்து சேரும் இசை. மொத்தம் 35 மெஷர்கள், அதாவது தாளக் கோடுகளால் பிரிக்கப்பட்ட 35 சிறு பகுதிகள்தான். கடைசி மூன்று தவிர மற்றவை அனைத்தும் ஒரே அச்சில் வார்த்தவை. இவ்வளவு எளிய இசைக்குப் பதிப்பு பார்த்து வாங்க வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. கட்டாயம் பார்க்க வேண்டும் என்பேன்; ஏனெனில் இன்றும் புழக்கத்தில் இருக்கும் பல பதிப்புகளில் பாக் எழுதாத ஒரு மெஷர் சேர்ந்திருக்கிறது.

அந்தக் கூடுதல் மெஷர் 22க்கும் 23க்கும் இடையில் வரும். ஹாம்பர்க்கைச் சேர்ந்த கிறிஸ்டியன் ஃபிரெட்ரிக் காட்லீப் ஷ்வெங்கே என்பவர் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எடுத்த பிரதியிலிருந்து அது பரவியதாகச் சொல்லப்படுவதால், ஷ்வெங்கே மெஷர் என்றே அதற்குப் பெயர். 1722 என்று ஆண்டு குறிக்கப்பட்ட, பாக்கின் சொந்தக் கையெழுத்துப் பிரதி பெர்லின் அரசு நூலகத்தில் இருக்கிறது. அதன் படங்களை ‘பாக் டிஜிட்டல்’ தளத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். அதில் அப்படி ஒரு மெஷர் கிடையாது.

ஒரு மெஷர் கூடினால் என்ன கெட்டுவிடும் என்று நினைப்பவர்கள் இடது கையின் அடிஸ்வரங்களை மட்டும் தனியே வாசித்துப் பார்க்க வேண்டும். 21இல் எஃப், 22இல் எஃப் ஷார்ப், 23இல் ஏ ஃபிளாட், 24இல் ஜி. அதாவது, ஜி என்ற ஸ்வரத்தை நெருங்கி, அதைத் தொடாமல் தாண்டி, மேலிருந்து இறங்கி வந்து அதன்மீது அமர்கிறார் பாக். அமர்ந்த பிறகு எட்டு மெஷர்கள் அதே ஜியில் நிலைத்திருக்கிறார். எஃப் ஷார்ப்பிலிருந்து ஏ ஃபிளாட்டுக்குத் தாவுவது பிழை என்று கருதியோ என்னவோ, இடையில் ஜியை அடிஸ்வரமாகக் கொண்ட ஒரு சி மைனர் கார்டை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக்கூட்டை) நுழைத்திருக்கிறார்கள். தாவல் சமனாகிவிடுகிறது, ஆனால் 24ஆவது மெஷருக்காகக் காத்துவைத்திருந்த ஜி முன்கூட்டியே ஒலித்துவிடுவதால், அந்த வருகைக்கு இருந்த கனம் முழுவதும் போய்விடுகிறது. இந்த இசையின் உச்சமே அந்த இடம்தான் என்பதால், இதைச் சிறிய குறை என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

ஆகவே என் முதல் பரிந்துரை ஹென்லே நிறுவனத்தின் உர்டெக்ஸ்ட், அதாவது மூலப் பிரதிகளை ஒப்பிட்டு இசையமைப்பாளர் எழுதியதையே தர முயலும் பதிப்பு. எர்ன்ஸ்ட்-குந்தர் ஹைனமான் பதிப்பித்தது. எந்த ஸ்வரத்துக்கு எந்த விரல் என்று காட்டும் விரல் எண்களை இட்டவர் பியானோ கலைஞர் ஆண்ட்ராஸ் ஷிஃப். பாக்கைப் பெரும்பாலும் பெடல் இல்லாமலேயே வாசிக்கும் கலைஞர் அவர் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு அந்த எண்களைப் பின்பற்றினால், ஒலியைத் தாங்கிப் பிடிக்கும் வேலையைக் காலிடம் விடாமல் விரல்களிடமே ஒப்படைக்கக் கற்றுக்கொள்ளலாம். விரல் எண்கள் இல்லாத பதிப்பையும் அதே நிறுவனம் தனியாக விற்கிறது. ஆசிரியரிடம் பயில்பவர்களுக்கு அது இன்னும் பொருத்தம். அச்சு தெளிவு, வரிகளுக்கிடையே தாராளமான இடம். விலைதான் சற்று அதிகம். ஆனால் 24 பிரிலூடுகளும் 24 ஃபியூகுகளும் (ஒரே மெட்டைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரும் வடிவம்) சேர்ந்த முழுத் தொகுதி என்பதால் அந்தப் பணம் பல ஆண்டுகளுக்கு உழைக்கும்.

ஆல்ஃபிரட் டூர் பதிப்பித்த பேரன்ரைட்டர் நிறுவன நூலும் நம்பிக்கைக்குரியது. ஆய்வு நோக்கில் வாசிப்பவர்கள் அதை எடுக்கலாம். பிரிட்டனின் இசைத் தேர்வு அமைப்பான ஏபிஆர்எஸ்எம்மின், ரிச்சர்ட் ஜோன்ஸ் பதிப்பித்த நூலில் வாசிப்பு முறை குறித்த குறிப்புகள் உள்ளன. தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களுக்கு அதுவே போதும்.

பழைய பதிப்புகளில் கார்ல் செர்னியுடையது இன்றும் மறுஅச்சில் கிடைக்கிறது. 1837ஆம் ஆண்டு வெளிவந்த அதில், இந்தப் பிரிலூடுக்கு உள்ள வேகம், ஒலியளவு, இணைப்புக் கோடுகள் எல்லாம் செர்னி இட்டவை. இந்தப் பிரிலூடுக்கான பாக்கின் தாளில் அவை எதுவும் இல்லை. பீத்தோவனின் மாணவரான செர்னி தம் காலத்தில் பாக்கை எப்படிக் கேட்டார் என்று அறிய அது அருமையான ஆவணம். முதல்முறை கற்பவர் கையில் மட்டும் அதைக் கொடுக்கக் கூடாது.

தொடக்கநிலையாளர்களுக்கென எளிமைப்படுத்திய தாள்களைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. மூலத்தில் ஒவ்வொரு அரை மெஷரிலும் எட்டு ஸ்வரங்கள். முதல் இரண்டை இடது கை வாசித்து, அந்த அரை முடியும்வரை இரண்டு விரல்களையும் எடுக்காமல் அழுத்திக்கொண்டிருக்க, மீதி ஆறை வலது கை வாசிக்கும். இரண்டாம் ஸ்வரத்தை நீட்டுவதற்காக பாக் ‘டை’ எனப்படும் ஒரு வளைகோடு போட்டிருக்கிறார். எளிய தாள்கள் பலவற்றில் அந்த டை காணாமல் போய், எட்டும் ஒரே அளவுள்ள வெறும் வரிசையாக நிற்கின்றன. விரலுக்கு எந்தச் சுமையும் குறையவில்லை, இசைதான் மெலிகிறது. எளிமை என்ற பெயரில் இதைச் செய்திருக்கவே வேண்டியதில்லை.

தழுவல்களில் புகழ்பெற்றது பிரெஞ்சு இசையமைப்பாளர் சார்ல் குனோவுடையது. பிரிலூடின் மேல் அவர் தாமாக ஒரு மெட்டை அமைத்தார். 1853இல் கருவியிசையாக வெளிவந்த அது, 1859இல் லத்தீன் வரிகள் சேர்ந்து ‘ஆவே மரியா’ ஆயிற்று. செல்லோவுக்கும் வயலினுக்கும் குரலுக்கும் பல சுருதிகளில் தாள்கள் கிடைக்கின்றன; நீண்ட மூச்சில் ஏறும் அந்த மெட்டு எனக்கு மிகவும் பிடிக்கும். குனோ கையாண்டதோ ஷ்வெங்கே மெஷர் உள்ள வடிவம். அவருடைய மெட்டு அந்த மெஷரின் மீதும் செல்வதால், அங்கே அதை நீக்க முடியாது, நீக்கவும் கூடாது. பாடகருக்குத் துணையாக வாசிப்பவர் தம்மிடம் இருக்கும் உர்டெக்ஸ்ட் போதும் என்று அதைப் பார்த்து வாசித்தால், உச்சம் வரும் நேரத்தில் பாடகர் ஒரு மெஷர் பின்தங்கி நிற்பார். குனோவை வாசிக்க குனோவின் தாளையே தனியாக வாங்குங்கள். பாடகரின் தாளும் உங்கள் தாளும் ஒரே சுருதியில் உள்ளனவா என்பதையும் பணம் கட்டுமுன் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.