கூலன்ட் மாற்றியபின் ஏர் லாக் எடுத்தல்: வீட்டு வாசலுக்கு ஏற்ற வழி எது?

கார் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் பழையதானதும் அதை வடித்துவிட்டுப் புதியதை ஊற்றுவது, ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் வீட்டு வாசலிலேயே முடித்துவிடக்கூடிய வேலைதான். அது கெட்டுப்போவது பெரும்பாலும் ஊற்றியபின் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கும் காற்றை எடுக்காமல் மூடியைப் போட்டுவிடுவதால். ஒர்க்‌ஷாப்களில் ‘ஏர் லாக்’ என்று சொல்லப்படும் இந்தக் காற்றை எடுக்க, ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து எஞ்சினை ஓடவிடும் பழைய முறை ஒன்று. ரேடியேட்டர் வாயில் கசியாமல் பொருந்தும் உயரமான புனலை வைத்துச் செய்யும் முறை இன்னொன்று. காற்றை முதலிலேயே உறிஞ்சி எடுத்துவிட்டு அந்த வெற்றிடத்துக்குள் கூலன்ட்டை இழுக்கவிடும் வேக்குவம் முறை மற்றொன்று. மூன்றையும் செய்து பார்த்ததில், எது சிறந்தது என்பதைக் கருவியைவிட அந்தக் காரின் அமைப்பே தீர்மானிக்கிறது என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன்.

காற்று ஏன் இவ்வளவு தொல்லை தருகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். வாட்டர் பம்ப் என்பது திரவத்தைச் சுழற்றி வெளிப்பக்கம் வீசித் தள்ளுகிற பம்ப். அதன் இறக்கைகளுக்கு நடுவே காற்று வந்துவிட்டால் பம்ப் சுற்றிக்கொண்டே இருக்கும், ஆனால் எதையும் தள்ளாது. எஞ்சினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டில், எக்ஸாஸ்ட் வால்வுகளை ஒட்டிய இடத்தில் காற்று தங்கினால், அந்த இடத்து அலுமினியத்திலிருந்து வெப்பத்தை எடுத்துச் செல்ல அங்கே திரவம் இராது. அதைவிட மோசமானது வெப்பநிலை சென்சார் காற்றுக்குள் நின்றுவிடுவது. கூலன்ட்டில் நனைந்திருந்தால்தான் அது சரியான அளவைக் காட்டும் என்பதால், ஹெட் கொதித்துக்கொண்டிருக்கும்போதும் டேஷ்போர்டில் சூட்டைக் காட்டும் முள் சாதுவாக நடுவில் நிற்க வாய்ப்புண்டு.

நான் முதன்முறை மாற்றியபோது இந்தப் பாடம் குன்னூர் மலைப்பாதையில் கிடைத்தது. ரேடியேட்டர் வாய்வரை நிரம்பியதைப் பார்த்ததும், எஞ்சின் சூடேறியதும் ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வான தெர்மோஸ்டாட் திறக்கும்வரை காத்திருக்காமல் மூடிவிட்டேன். மறுநாள் மேட்டுப்பாளையம் தாண்டிக் கல்லாரிலிருந்து ஏறத் தொடங்கிப் பர்லியாறு வருவதற்குள் முள் மேலே போவதும் சட்டென்று இறங்குவதுமாக ஆடியது. டேஷ்போர்டுக்குப் பின்னால் குழாயில் தண்ணீர் ஓடுவதுபோல் களகளவென்று சத்தம். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்துப் பார்த்தால் வெறும் குளிர்ந்த காற்றே வந்தது. எஞ்சின் சூடாக இருந்தும் ஹீட்டரில் சூடு வரவில்லையென்றால், காருக்குள் வரும் காற்றைச் சூடாக்கும் சின்ன ரேடியேட்டரான ஹீட்டர் கோருக்குள் கூலன்ட் போகவில்லை என்றே பெரும்பாலும் பொருள். ஓரங்கட்டி, எஞ்சின் நன்றாக ஆறும்வரை காத்திருந்து மூடியைத் திறந்தேன். கையிலிருந்த ஒரு லிட்டர் பாட்டிலில் முக்கால்வாசி உள்ளே இறங்கிவிட்டது. அவ்வளவு காற்றை உள்ளே வைத்துக்கொண்டுதான் மலை ஏறியிருக்கிறேன்.

அதனால்தான் முறைகளை ஒப்பிடுவதற்கு முன் அளவைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. வடிந்த பழைய கூலன்ட்டை அளந்து வைத்துக்கொள்ளாதவருக்கு, எந்த முறையில் நிரப்பினாலும் முழுவதும் நிரம்பியதா என்பது தெரியாது. ரேடியேட்டரின் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் திருகைத் திறந்தால் மொத்தமும் வந்துவிடாது. எஞ்சின் பிளாக்கிலும் ஹீட்டர் கோரிலும் கணிசமான பங்கு தங்கிவிடும். கையேட்டில் மொத்தக் கொள்ளளவு 4.2 லிட்டர் என்று இருந்து, வடிந்தது 2.6 லிட்டர் என்றால், 1.6 லிட்டர் உள்ளேயே இருக்கிறது. நேராகப் புதியதை ஊற்றினால் ஏறத்தாழ வடிந்த அதே 2.6 லிட்டர் உள்ளே போக வேண்டும். இரண்டு லிட்டரிலேயே வாய்வரை நிரம்பிவிட்டால், மிச்ச இடத்தில் காற்று இருக்கிறது.

சுத்தம் செய்வதற்காகத் தண்ணீரை ஊற்றி ஓடவிட்டு வடித்தவர்கள் இன்னொரு கணக்கும் போட வேண்டும். உள்ளே தங்கிய 1.6 லிட்டர் இப்போது வெறும் தண்ணீர். அதன்மேல் பாதிக்குப் பாதி கலந்து விற்கப்படும் ரெடிமிக்ஸ் கூலன்ட்டை 2.6 லிட்டர் ஊற்றினால், மொத்தத்தில் கூலன்ட்டின் மூலப்பொருளான கிளைக்கால் 31 சதவீதம்தான் இருக்கும். அதற்குப் பதிலாக, கலக்காத கான்சன்ட்ரேட்டை 2.1 லிட்டர் ஊற்றி, மீதி அரை லிட்டருக்கு டிஸ்டில்டு வாட்டர் சேர்த்தால் சரிபாதி வந்துவிடும். ஆகவே, கழுவாமல் மாற்றுகிறவருக்கு ரெடிமிக்ஸ், கழுவி மாற்றுகிறவருக்குக் கான்சன்ட்ரேட் என்பதே என் தேர்வு. உறைபனியே பார்க்காத ஊரில் கிளைக்கால் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அது கொதிநிலையை உயர்த்துவதோடு, கூடவே வரும் துருத்தடுப்பு மருந்துகள்தான் அலுமினியத்தையும் வாட்டர் பம்ப்பையும் காப்பாற்றுகின்றன. போர்வெல் தண்ணீர் உள்ளே உப்புப் படிய வைத்துவிடும். குடிக்கச் சுவையான சிறுவாணித் தண்ணீராகவே இருந்தாலும் ரேடியேட்டருக்கு வேண்டாம். நிறத்தை நம்பிக் கலப்பதும் கூடாது. டொயோட்டாவின் கூலன்ட் இளஞ்சிவப்பாகவும் ஃபோக்ஸ்வாகனின் ஜி13 ஊதாவாகவும் இருப்பது அந்தந்த நிறுவனத்தின் சாயம்தான். நிறத்துக்குப் பொதுத் தரம் எதுவும் கிடையாது. வடித்த பழையது இனிப்பாக இருக்கும், நாய் பூனைகள் நக்கும், நக்கினால் சிறுநீரகம் கெட்டுச் செத்துப்போகும். மூடியுள்ள கேனில் ஊற்றி வைப்பதைத் தவிர வேறு யோசனை வேண்டாம்.

இனி முதல் முறை. எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது மெதுவாக ஊற்றி, ஹீட்டர் குமிழைச் சூட்டின் கடைசிவரை திருப்பி வைத்து, மூடியைப் போடாமல் எஞ்சினை ஓடவிட வேண்டும். (ஹீட்டருக்குப் போகும் வழியில் வால்வு இல்லாத கார்களில் கூலன்ட் எப்போதும் கோருக்குள் ஓடிக்கொண்டேதான் இருக்கும், ஆனால் உங்கள் காரில் வால்வு உண்டா என்று தேடுவதைவிடக் குமிழைத் திருப்பிவிடுவது எளிது.) பெரும்பாலான கார்களில் 82 முதல் 88 டிகிரிக்குள் தெர்மோஸ்டாட் திறக்கத் தொடங்கும். அப்போது மட்டம் திடீரென்று இறங்கும், குமிழிகள் வரும், மறுபடி ஊற்ற வேண்டும். ரேடியேட்டர் ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை இதைத் தொடர வேண்டும். ஏசியை அணைத்து வைப்பது அவசியம். ஏசி ஓடினால் ஃபேனும் கூடவே ஓடும் என்பதால், எஞ்சின் சூடேறி ஃபேன் வந்ததா ஏசிக்காக வந்ததா என்பது தெரியாமல் போய்விடும். இந்த முறைக்குக் காசு செலவில்லை, கருவியும் வேண்டாம். ஆனால் ரேடியேட்டரின் வாய் ஹீட்டர் ஹோஸைவிடத் தாழ்வாக இருக்கும் கார்களில் காற்று அந்த உயரமான ஹோஸிலேயே உட்கார்ந்துகொள்ளும். எவ்வளவு நேரம் ஓடவிட்டாலும் அது தானாக இறங்கி வெளியே வராது. முன்சக்கரங்களை மேட்டில் ஏற்றி நிறுத்துவது இதற்குத்தான். அப்படி நிறுத்தினாலும், சூட்டில் விரியும் கூலன்ட் வழிந்து தரையெல்லாம் சிந்துவதையும், சிந்திய அளவு போக உள்ளே எவ்வளவு போனது என்ற கணக்கு கைவிட்டுப் போவதையும் தவிர்க்க முடியவில்லை.

புனல் முறை உண்மையில் இதே முறைதான். வித்தியாசம், நிரப்பும் வாய் ஒரு முழம் உயர்ந்துவிடுகிறது என்பது மட்டுமே; ஆனால் அந்த ஒரு முழம்தான் எல்லாவற்றையும் மாற்றுகிறது. ரேடியேட்டர் வாய்க்கு ஏற்ற அடாப்டரைத் திருகி, அதன்மேல் புனலைப் பொருத்திப் பாதிவரை கூலன்ட்டை ஊற்றி வைத்தால், ஹீட்டர் ஹோஸ் உட்பட எஞ்சினின் எல்லாப் பகுதிகளையும்விட உயரத்தில் திரவம் நிற்கும். குமிழி மேலே வந்தவுடன் அந்த இடத்துக்குக் கூலன்ட் தானாகவே இறங்கிவிடும். சூட்டில் விரிவது புனலுக்குள் ஏறும், ஆறும்போது இறங்கும், ஒரு சொட்டு வீணாகாது. இதில் எனக்குப் பிடித்தது, நடப்பது கண்ணுக்குத் தெரிவது. முதல் பத்து நிமிடங்களுக்குத் தெர்மோஸ்டாட்டில் இருக்கும் சின்னத் துளை வழியே கடுகு அளவுக் குமிழிகள் ஒவ்வொன்றாக வரும். பிறகு ரேடியேட்டரின் மேல் ஹோஸ் சூடாகும் அதே நேரத்தில், கொப்பென்று எலுமிச்சை அளவுக் குமிழி ஒன்று வந்து புனலின் மட்டத்தை இரண்டு விரற்கடை இறக்கும். துணியைச் சுற்றி மேல் ஹோஸைப் பிசைந்துவிட்டால் இன்னும் சில வரும். ஆக்சிலரேட்டரை நிமிடத்துக்கு 2,500 சுற்றுவரை மிதித்து விட்டால் மட்டம் தாழ்ந்து எழும். அப்போது ஹீட்டர் கோரில் ஒளிந்திருந்ததும் கிளம்பி வந்துவிடும்.

குறைகளும் உண்டு. அடாப்டர் பொருந்தாவிட்டால் புனலால் பயனில்லை. மேலும், இதுவும் திறந்த முறை என்பதால் உள்ளே அழுத்தம் ஏறாது. வழக்கமாக 0.9 முதல் 1.1 பார்வரை தாங்கும் மூடி கொதிநிலையை நன்றாக உயர்த்தி வைத்திருக்கும். அந்தப் பாதுகாப்பு இங்கே இல்லை. சமவெளியில் சரிபாதிக் கலவை சுமார் 107 டிகிரியில்தான் கொதிக்கும் என்பதால், ஃபேன் அதற்கு முன்பே வந்து காப்பாற்றிவிடும். சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் வெறும் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே மூடியில்லாமல் தண்ணீரை விட்டு எஞ்சினைக் கழுவுகிறவர், ஃபேன் வருவதற்காகக் காத்திருந்தால் அதற்கு முன் கொதிநீர்தான் மேலே வரும்.

வேக்குவம் முறையை ஒர்க்‌ஷாப்காரர்கள் விரும்புவதற்குக் காரணம் நேரம். கம்ப்ரசர் காற்றை ஒரு குறுகிய வாய் வழியே வேகமாகச் செலுத்தி, அந்த வேகத்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் காற்றை இழுத்தெடுக்கிறார்கள். ரப்பர் ஹோஸ்கள் ஒட்டிப்போய்த் தட்டையாகும். அப்படியே ஐந்து நிமிடம் விட்டுப் பார்த்து, மீட்டர் முள் இறங்கவில்லையென்றால் பெரிய கசிவு எதுவுமில்லை என்றும் தெரிந்துவிடும்; மற்ற இரு முறைகளும் இந்தத் தகவலைத் தராது. பிறகு வால்வைத் திருப்பினால், கேனிலிருக்கும் கூலன்ட் ஓரிரு நிமிடத்தில் உறிஞ்சப்பட்டுவிடும்.

ஆனால் இது காற்றை முழுவதும் எடுத்துவிடுகிறது என்ற பேச்சில் பாதிதான் உண்மை. கடல்மட்டத்தில் வளிமண்டல அழுத்தம் பாதரச அளவில் சுமார் 30 அங்குலம்; கருவி நல்ல நிலையில் காட்டுவது 25 அங்குலம். அப்படியானால் ஆறில் ஒரு பங்குக் காற்று உள்ளேயே இருக்கிறது. ஹோஸ்கள் ஒட்டிப்போவதால் இந்தக் கணக்கு கொஞ்சம் குறையுமே தவிர, பூஜ்ஜியம் ஆகாது. (ஊட்டியில் வளிமண்டலமே சுமார் 23 அங்குலம்தான், அங்கே மீட்டர் 25-ஐத் தொடவில்லை என்று கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை.) உறிஞ்சும் குழாயை முதலில் கூலன்ட்டால் நிரப்பிக்கொள்ளாமல் வால்வைத் திருப்பினாலோ, கேனில் கூலன்ட் போதாமல் போனாலோ, எடுத்த காற்று அத்தனையும் திரும்ப உள்ளே போய்விடும். பத்து ஆண்டு பழைய, வெடிப்பு விட்ட ஹோஸ் இந்த இழுப்பில் கிழிந்தாலும் ஆச்சரியமில்லை. டயருக்குக் காற்றடிக்க வண்டியில் வைத்திருக்கும் சிறிய 12 வோல்ட் கம்ப்ரசர் இதற்கு ஈடுகொடுக்காது. அதன் அழுத்தம் போதுமானதாகத் தோன்றினாலும் தொடர்ந்து வரும் காற்றின் அளவு போதாது. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை செய்யும் வேலைக்காகக் கருவியும் கம்ப்ரசரும் வாங்குவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

ரேடியேட்டரில் மூடியே இல்லாத கார்களுக்கு இந்த ஒப்பீடு வேறு திசையில் போகிறது. ஃபோக்ஸ்வாகன் போலோவில் இருப்பதுபோல், அழுத்தம் தாங்கும் தொட்டி எல்லாவற்றுக்கும் உயரத்தில் வைக்கப்பட்டிருந்தால், அந்தத் தொட்டியே புனலின் வேலையைச் செய்துவிடுகிறது. எஞ்சினின் மேற்பகுதியிலிருந்து வரும் மெல்லிய ஹோஸ் காற்றைத் தொட்டிக்குக் கொண்டுவந்து விட்டுவிடும். அங்கே புனல் வீண்செலவு. முதல் முறையே போதும். காற்றை விடுவதற்கென்றே தனித் திருகு இருந்தால் அதைத் திறந்து, குமிழி நின்று கூலன்ட் மட்டும் வரும்வரை விட வேண்டும். மின்சார வாட்டர் பம்ப் உள்ள சில பிஎம்டபிள்யூ கார்களில் எஞ்சினை ஓடவிட வேண்டிய தேவைகூட இல்லை: இக்னிஷனைப் போட்டு, ஹீட்டரை முழுச் சூட்டிலும் புளோயரைக் குறைந்த வேகத்திலும் வைத்து, ஆக்சிலரேட்டரைப் பத்து வினாடி அழுத்திப் பிடித்தால், பம்ப் தானாகச் சுமார் 12 நிமிடம் ஓடிக் காற்றை எடுத்துவிடும்.

ஆக, ரேடியேட்டரிலேயே மூடி உள்ள, கையேட்டில் தனி வழிமுறை எதுவும் சொல்லப்படாத சாதாரணக் காருக்கு நான் புனலைத்தான் எடுப்பேன். மேட்டில் நிறுத்த இடமிருந்து, தரையில் சிந்துவதைப் பற்றிக் கவலையில்லாதவர் முதல் முறையிலேயே இதே பலனைப் பெறலாம். நேரம்தான் இரண்டு மடங்கு ஆகும். எந்த முறையாக இருந்தாலும் எஞ்சின் ஓடும் இடம் கூரையும் கதவும் மூடிய ஷெட்டாக இருக்கக் கூடாது. சூடான ரேடியேட்டரின் மூடியில் கை வைக்கவும் கூடாது.

குமிழி நிற்கவே இல்லையென்றால் முறையைக் குறை சொல்லாமல் எஞ்சினைச் சந்தேகிக்க வேண்டும். அரை மணி நேரம் கடந்தும் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் குமிழி கூடுகிறது, புனலில் எக்ஸாஸ்ட் வாடை வருகிறது, மறுநாள் குளிர்ந்த எஞ்சினை மூடியுடன் ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாகிவிடுகிறது என்றால், வருவது எரிந்த வாயு. சிலிண்டர் ஹெட்டுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கட் போயிருக்கிறது. அப்படி எதுவும் இல்லாதபோது, ரேடியேட்டர் மூடியைப் போட்டுவிட்டு, ரிசர்வ் தொட்டியின் மட்டத்தை மார்க்கரால் கோடு போட்டு வைக்கிறேன். சூட்டில் மிச்சக் காற்று மூடி வழியே தொட்டிக்குப் போவதும், ஆறும்போது அந்த இடத்துக்குக் கூலன்ட் திரும்ப இழுக்கப்படுவதுமாக அடுத்த சில ஓட்டங்களில் மட்டம் கொஞ்சம் இறங்கும். என் காரில் முதல் நாள் காலை கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே இருந்தது, ஊற்றினேன். இரண்டாம் நாள் நூலளவு. மூன்றாம் நாள் கோட்டிலேயே நின்றது.