ஷிபுசாவா நினைவு அருங்காட்சியகம், டோக்கியோ: கணக்குப் பிள்ளைகள் போக வேண்டிய இடம்

2024 ஜூலையில் வந்த புது 10,000 யென் நோட்டில் இருக்கிறாரே ஷிபுசாவா எய்ச்சி, அவர் வாழ்ந்த இடம்தான் இது. ஓஜி ரயில் நிலையத்தை ஒட்டிய அசுகயாமா பூங்காவுக்குள் இருக்கிறது. நான் போனபோது கட்டணம் 300 யென். டோக்கியோவில் ஒரு காபிகூட அந்த விலைக்குச் சிரமம்.

மனிதர் 1873-இல் நிதி அமைச்சக வேலையை உதறிவிட்டு ஜப்பானின் முதல் நவீன வங்கியை நிறுவினார். அப்புறம் சுமார் 500 நிறுவனங்கள் உருவாகக் கைகொடுத்தார். மிட்சுபிஷியை நிறுவிய இவாசாகி யதாரோ எல்லா அதிகாரத்தையும் தன் கையிலேயே வைத்திருந்த காலத்தில், இவர் பலரிடம் பங்கு திரட்டித் தொழில் நடத்தினார். ஏன் என்று கேட்டால் பழைய சீன ஞானி கன்பூசியஸைக் காட்டுவார்: அறம் இல்லாமல் சேர்த்த செல்வம் நிலைக்காது. இடது கையில் கன்பூசியஸின் பொன்மொழித் தொகுப்பான 'ரோங்கோ', வலது கையில் மணிச்சட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்தில் இருக்கும் 'செயென் புங்கோ' நூலகத்தை விட்டுவிடாதீர்கள். 1925-இல் கட்டி முடித்தது. ரோங்கோ நூல்களை வைக்கத்தான் திட்டம்; ஆனால் 1923 நிலநடுக்கத் தீயில் அவற்றில் பல எரிந்துபோயின. சுவர் ஓடுகளிலும் வண்ணக் கண்ணாடியிலும் குடும்பச் சின்னமான ஓக் இலை. அந்த ஓடுகளுக்காகவே இன்னொரு முறை போகலாம்.

இதே கன்பூசியஸுக்கு ஜப்பானிய அலுவலகங்களில் வேறொரு முகமும் உண்டு: மூத்தவருக்குப் பணிந்து நடப்பது. நான் முன்பு வேலை பார்த்த கம்பெனியில் 'ரிங்கி' என்னும் ஒப்புதல் தாள் கீழிருந்து மேலே போகும். இளையவர்கள், கையெழுத்துக்குப் பதிலாகக் குத்தும் தங்கள் முத்திரையை மேலதிகாரியின் முத்திரைப் பக்கமாகச் சற்றே சாய்த்துக் குத்துவார்கள். முத்திரை கும்பிடு போடுகிறதாம்! அப்படிக் குத்தியவர் "ஐயா, இந்தக் கணக்கு இடிக்கிறதே" என்று எங்கே கேட்கப்போகிறார்?

2015-இல் தோஷிபாவில் வெடித்ததும் இதுதான். 'சவால்' என்ற பெயரில் மேலிடம் லாப இலக்கு வைத்தது. எதிர்த்துப் பேச முடியாத சூழலில் கீழே லாபத்தை ஊதிக் காட்டினார்கள் என்று விசாரணைக் குழுவே எழுதியது. இத்தனைக்கும் 2003-லேயே, மேலிடத்தைக் கண்காணிக்க வெளி இயக்குநர்களைக் கொண்ட குழுக்களை அமைத்துக்கொண்ட நிறுவனம் அது. நாற்காலி போட்டால் போதுமா, உட்கார்ந்தவர் வாய் திறக்க வேண்டாமா?

சரி, இதையெல்லாம் அருங்காட்சியகத்தில் தேட வேண்டாம். அது ஷிபுசாவா வாழ்ந்த இடம். ஆடிட்டர், கம்பெனி செக்ரட்டரி வேலையில் இருப்பவர்கள் அரை நாள் ஒதுக்கலாம். திங்கள் விடுமுறை. செர்ரி பூக்கும் வாரத்தில் பூங்காவில் நடக்கவே இடமிருக்காது, அதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.