எதிர்ப்பொருள் பரிசோதனைகள்: எளிதில் கிடைப்பவையும் நம்பத்தக்கவையும்

ஒரு புதிய வைரஸ் பரவும்போது, இன்று யாருக்குத் தொற்று இருக்கிறது என்பதைப் பிசிஆர் பரிசோதனை காட்டும். யாருக்கெல்லாம் அது வந்து போயிற்று என்பதை அறிய, இரத்தத்தில் ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்பொருள் உருவாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2020-இல் கொரோனா பரவியபோது இதற்கென மூன்று வகைப் பரிசோதனைகள் வந்தன. விரல் நுனியில் குத்தி எடுத்த இரத்தத்துளியைக் கொண்டு கால் மணி நேரத்தில் முடிவு சொல்லும் ரேபிட் கிட் முதல் வகை. எதிர்ப்பொருளை நிறமாற்றத்தின் மூலம் கண்டறியும், ஆய்வகத்தில் செய்யப்படும் எலைசாவும், அதே தத்துவத்தில் நிறத்துக்குப் பதில் ஒளியை அளந்து பெரிய தானியங்கிக் கருவிகளில் நடக்கும் கெமிலுமினிசென்ஸ் பரிசோதனையும் இரண்டாவது வகை. உயிருள்ள வைரஸை வைத்தே சோதிக்கும் நடுநிலையாக்கல் பரிசோதனை மூன்றாவது. இவற்றில் எது எளிதில் கிடைத்ததோ அதன் முடிவையே மிகவும் சந்தேகிக்க வேண்டியிருந்தது. எதன் முடிவை நம்பலாமோ அது மிகச் சில ஆய்வகங்களில் மட்டுமே இருந்தது.

ரேபிட் கிட்டின் பலம் அதன் எளிமை. மின்சாரமோ கருவியோ தேவையில்லை. பெரும்பாலானவற்றைச் சாதாரண அறை வெப்பநிலையில் வைத்திருக்கலாம். சில மணி நேரப் பயிற்சி பெற்றவர் எங்கும் செய்துவிடலாம். தயாரிப்பதும் எளிது என்பதால் சந்தையில் இவை வெள்ளமெனப் பெருகின. அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம், தன் மதிப்பீடு இல்லாமலேயே இத்தகைய பரிசோதனைகளை விற்க 2020 மார்ச் 16 அன்று வழிவிட்டது. தரமற்றவை குவிந்ததைக் கண்டு, தரவுகளுடன் அவசர அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று மே 4 அன்று விதியை இறுக்கியது. பிரிட்டன் முன்பணம் கொடுத்து வாங்கிய கிட்டுகள் சோதனையில் தேறவில்லை. இரண்டு நிறுவனங்களின் கிட்டுகளைப் பயன்படுத்துவதை நிறுத்தித் திருப்பி அனுப்பும்படி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020 ஏப்ரல் 27 அன்று மாநிலங்களுக்குச் சொன்னது. ஒரே நிறுவனத்தின் ஒரு தொகுப்புக்கும் அடுத்த தொகுப்புக்கும் இடையே வேறுபாடு இருக்கக்கூடும். கிட்டில் முடிவைக் காட்டும் கோடு மங்கலாகத் தெரிந்தால், அதை ஒருவர் ‘உண்டு’ என்றும் இன்னொருவர் ‘இல்லை’ என்றும் படிக்கக்கூடும். மேலும், முடக்குவாத நோயாளிகளின் இரத்தத்தில் காணப்படும் ஒரு காரணி, ஐஜிஎம் எனப்படும், தொற்றின் தொடக்கத்தில் உருவாகும் எதிர்ப்பொருளுக்கான கோட்டைப் பொய்யாகவே தோன்றச் செய்துவிடலாம்.

ஆயினும் எல்லாப் பழியையும் கிட்டின் மீதே போடுவது நியாயமல்ல. எதிர்ப்பொருள் உருவாக உடலுக்கே காலம் தேவைப்படுகிறது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020 ஜூனில் வெளியிட்ட தொகுப்பாய்வின்படி, அறிகுறி தொடங்கிய முதல் வாரத்தில் இப்பரிசோதனைகள் தொற்றாளர்களில் சுமார் 30 விழுக்காட்டினரை மட்டுமே கண்டறிந்தன; இரண்டாம் வாரத்தில் 72 விழுக்காட்டினரையும் மூன்றாம் வாரத்தில் 91 விழுக்காட்டினரையும் கண்டறிந்தன. எனவே காய்ச்சலோடு வந்து நிற்பவருக்கு எதிர்ப்பொருள் பரிசோதனை செய்து, ‘இல்லை’ என்ற முடிவைக் கொடுத்து அனுப்புவது எந்த வகைப் பரிசோதனையாக இருந்தாலும் ஆபத்தானது.

ஆய்வகப் பரிசோதனைகளுக்கு வருவோம். ரோஷ் நிறுவனத்தின் பரிசோதனை, பிசிஆர் உறுதி செய்து 14 நாள் கழிந்தவர்களில் 100 விழுக்காட்டினரைக் கண்டறிவதாகவும், தொற்றே வராதவர்களில் 99.8 விழுக்காட்டினரைச் சரியாக ‘இல்லை’ என்று சொல்வதாகவும் 2020 மே மாதத்தில் அறிவிக்கப்பட்டது. இரண்டாவது எண் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளிலிருந்து வந்தது. முதல் எண்ணோ வெறும் 29 மாதிரிகளிலிருந்து வந்தது. இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை தனியே சோதித்தபோது, கண்டறியும் திறன் ஏறத்தாழ 84 விழுக்காடாகவே இருந்தது. பொய்யாக ‘உண்டு’ என்று சொல்வது மட்டும் அச்சோதனையிலும் அறவே இல்லை. விழுக்காட்டைப் பார்க்கும் முன் அது எத்தனை மாதிரிகளிலிருந்து பெறப்பட்டது என்று கேட்பதை, பரிசோதனை வாங்கும் ஒவ்வொரு அரசும் மருத்துவமனையும் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

பொய்யான ‘உண்டு’ ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை ஒரு கணக்கு விளக்கும். பத்தாயிரம் பேரில் 5 விழுக்காட்டினருக்கு, அதாவது 500 பேருக்கு, தொற்று வந்து போயிருப்பதாகக் கொள்வோம். இரு திசையிலும் 95 விழுக்காடு சரியான ஒரு கிட், அவர்களில் 475 பேரைக் கண்டுபிடிக்கும். தொற்றே வராத 9,500 பேரிலும் 475 பேருக்கு ‘உண்டு’ என்று சொல்லும். ஆக, ‘உண்டு’ என்று முடிவு பெற்றவர்களில் பாதிப் பேருக்குத் தொற்று வந்ததே இல்லை. தொற்று வராதவர்களை 99.8 விழுக்காடு சரியாகச் சொல்லும் பரிசோதனையில் பொய்யான முடிவு 19 பேருக்கு மட்டுமே வரும். புதிய வைரஸின் தொடக்க மாதங்களில் தொற்று வந்தவர்களின் விகிதம் குறைவாகவே இருக்கும் என்பதால், கிட்டுகள் அதிகம் தேடப்படும் அதே காலத்தில்தான் அவற்றின் பிழையும் மிகுந்து தெரிகிறது. முதல் பரிசோதனையில் ‘உண்டு’ என்று வந்தவர்களை மட்டும் வைரஸின் வேறொரு புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருளைத் தேடும் இரண்டாவது பரிசோதனைக்கு உட்படுத்தினால் இந்தப் பிழை பெருமளவு குறையும்.

கிடைக்கும் தன்மையில் ஆய்வகப் பரிசோதனைகளுக்குள்ளேயே பெரிய வேறுபாடு உண்டு. தானியங்கிக் கருவி ஒரு நாளில் ஆயிரக்கணக்கான மாதிரிகளைச் சோதித்துவிடும். ஆனால் அந்தந்த நிறுவனத்தின் ரசாயனப் பொருள் வராவிட்டால் சும்மா நிற்கும். எலைசா அப்படியல்ல. 96 குழிகள் கொண்ட தட்டும், நிறமாற்றத்தை அளக்கும் சாதாரணக் கருவியும் போதும், எச்.ஐ.வி. போன்றவற்றுக்காக இவை பல ஆய்வகங்களில் முன்பே இருக்கின்றன. புனேயிலுள்ள தேசிய வைராலஜி நிறுவனம் 2020 மே மாதத்தில் உருவாக்கிய கவச் எலைசா, இரண்டரை மணி நேரத்தில் 90 மாதிரிகளைச் சோதித்தது. என் தேர்வு இதுதான்: புதிய வைரஸ் வந்ததும் கிட்டுகளுக்கு அள்ளிக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதியை முதல் மாதத்திலேயே எலைசாவுக்கு ஒதுக்கினால், மக்கள்தொகை ஆய்வுகள் விரைவாகவும் நம்பத்தக்கவையாகவும் நடக்கும்.

நடுநிலையாக்கல் பரிசோதனை, எதிர்ப்பொருள் இருக்கிறதா என்பதோடு நிற்காமல், அது வைரஸ் செல்லுக்குள் நுழைவதைத் தடுக்கிறதா என்றும் பார்க்கிறது. ஆனால் அதற்கு உயர் பாதுகாப்பு ஆய்வகமும் பல நாட்களும் வேண்டும். சிங்கப்பூரின் டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரியில் உருவான மாற்று முறை, உயிருள்ள வைரஸ் இல்லாமல் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் இதைச் செய்தது. 2020 நவம்பரில் அமெரிக்க அனுமதியும் பெற்றது. மற்ற பரிசோதனைகளைச் சரிபார்க்கும் உரைகல்லாக இந்த வகையை வைத்துக்கொள்வதே பொருத்தம்.

தடுப்பூசி வந்த பிறகு ஒப்பீட்டின் அடிப்படையே மாறிவிடுகிறது. வைரஸின் மேற்பரப்பிலுள்ள ஸ்பைக் புரதத்தை மட்டும் கொண்டு உருவாக்கிய தடுப்பூசியைப் போட்டவரிடம், வைரஸின் உள்ளே இருக்கும் நியூக்ளியோகேப்சிட் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருளைத் தேடும் பரிசோதனை ‘இல்லை’ என்றே சொல்லும். தொற்று வந்து போனதா என்பதைப் பிரித்தறிய அது உதவும். செயலிழக்கச் செய்த முழு வைரஸைக் கொண்ட தடுப்பூசி என்றால் இந்தப் பிரிப்பு நம்பகமாக இயலாது. வெவ்வேறு பரிசோதனைகளின் எண்களை ஒரே அலகில் ஒப்பிட உதவும் உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலும் 2020 டிசம்பரில்தான் வந்தது. தடுப்பூசிக்குப் பின் தமக்கு எவ்வளவு பாதுகாப்பு இருக்கிறது என்பதை அறிய எதிர்ப்பொருள் பரிசோதனையைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2021 மே மாதத்தில் அறிவுறுத்தியது. அதனால், அறிக்கையில் எண் பெரிதாக இருக்கிறது என்று முகக்கவசத்தைக் கழற்றுவதற்கு இந்த மூன்று வகைகளில் எதுவும் அப்போது ஆதாரம் தரவில்லை.