ஐடில் குலுங்குகிறதா: ஸ்பிரேயா, புகைச் சோதனையா?

சிங்கப்பூரில் சிஓஇ (கார் வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்து ஓடும் பத்து வயதுக் கார்களில், இன்ஜினின் உறிஞ்சு விசையைக் கடத்தும் வேக்குவம் குழாயில் வெடிப்பு விடுவது சகஜம். அதன் வழியே காற்று கசிந்தால், ஐடிலில் (கார் நிற்கும்போது இன்ஜின் மெதுவாக ஓடும் நிலை) கார் குலுங்கும். இன்ஜின் சூட்டில் ரப்பர் காய்ந்து இறுகிவிடுகிறது. முதலில், கார்க் கணினியைப் படிக்கும் ஸ்கேனரில் எரிபொருள் டிரிமை (கணினி எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்) பாருங்கள். ஐடிலில் +10 சதவீதத்துக்கு மேல் நின்று, 2,500 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் எண்ணிக்கை) பூஜ்யத்தை நெருங்கினால் காற்றுக் கசிவு என்றே சந்தேகிக்கலாம்.

கார்ப் கிளீனர் ஸ்பிரே மலிவு. இன்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து, மேனிஃபோல்டு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் பகுதி) கேஸ்கெட், பிசிவி குழாய் (இன்ஜினுக்குள் சேரும் வாயுவைத் திருப்பி உறிஞ்சுவது), பிரேக் பூஸ்டர் குழாய் ஓரங்களில் துளித்துளியாக அடிக்க வேண்டும். ஆர்பிஎம் மாறினால் கசிவு அங்கேதான். ஆனால் எலெக்ட்ரானிக் திராட்டில் (காற்று வழியைக் கணினியே திறந்து மூடும் வால்வு) உள்ள கார்களில் கணினி ஐடிலைச் சரிக்கட்டிவிடும். ஆர்பிஎம்மை விட்டுவிட்டு, குறுகிய கால டிரிம் சட்டென்று இறங்குகிறதா என்று கவனியுங்கள். தீப்பிடிக்கும் திரவம் என்பதால் எக்ஸாஸ்ட் பக்கம், மூடிய கார்பார்க் இரண்டும் வேண்டாம். குளோரின் கலந்த பிரேக் கிளீனரைத் தொடவே கூடாது. சூட்டில் நச்சு வாயு உண்டாகும்.

புகைச் சோதனைக்கு இன்ஜின் ஓடத் தேவையில்லை. காற்று நுழையும் வாயை அடைத்து, வேக்குவம் குழாய் வழியே 1 பிஎஸ்ஐக்குள் (மிகக் குறைந்த அழுத்தம்) புகையைச் செலுத்துவார்கள். மேனிஃபோல்டுக்கு அடியில், கண் எட்டாத வெடிப்பும் தெரிந்துவிடும். சின் மிங், காக்கி புக்கிட் பட்டறைகளில் கேட்டுப் பாருங்கள்.

கைக்கு எட்டும் குழாய்களுக்கு ஸ்பிரே போதும். அதில் பிடிபடாவிட்டால், யூகத்தில் சென்சார் மாற்றிக் காசைக் கரைக்காமல் புகைக்கே போங்கள்.